விமான ஜிபிஎஸ்ஸில் வேபாயிண்ட் ஏற்றும்போது வரும் பிழைகள்: அறிகுறியிலிருந்து திருத்தம் வரை

தவறான வேபாயிண்டை, அதாவது பாதையில் கடக்க வேண்டிய புள்ளியை, ஏற்றினாலும் ஜிபிஎஸ் மறுப்புச் சொல்லாது. கொடுத்த புள்ளிக்கு ஒழுங்காகக் கோடு போட்டு, தூரமும் நேரமும் காட்டி, அங்கேயே அழைத்துப் போகும். திரையில் எச்சரிக்கை வரும் கோளாறுகளை எப்படியும் கவனித்துவிடுவோம். எச்சரிக்கையே இல்லாமல் உள்ளே போய்விடும் பிழைகள்தான் ஆளைக் கொல்பவை. அதனால் கீழே வரும் எல்லாச் சோதனைகளுக்கும் ஒரு பொருள் கட்டாயம் கையில் வேண்டும்: ஒவ்வொரு லெக்குக்கும் (இரண்டு புள்ளிகளுக்கு இடைப்பட்ட பாதைத் துண்டு) கோர்ஸும் (பறக்க வேண்டிய திசை) தூரமும் தனியாகக் கணக்கிட்டு எழுதிய நாவ்லாக், அதாவது பயணக் குறிப்புத் தாள். கருவியிலிருந்து பார்த்து எழுதிய நாவ்லாக் இதற்கு உதவாது.

கார்மின் ஜிஎன்எஸ் 430, 530 போன்ற நாப் (திருகு குமிழ்) வகைக்கும், ஜிடிஎன் 650, 750 போன்ற தொடுதிரை வகைக்கும் இது பொருந்தும். மெனுவின் பெயர்கள் மாடலுக்கு மாடல் மாறும், தவறுகள் மாறுவதில்லை. வேலையை விமானம் நிற்கும்போதே பிரேக் போட்டு முடியுங்கள். டாக்ஸி செய்துகொண்டே நாப் திருக வேண்டாம்.

அறிகுறி 1: பெயரைத் தட்டினால் கருவிக்குத் தெரியவில்லை

*எழுத்து.* முதலில் பூஜ்ஜியமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்துக்கு நாலெழுத்து ஐசிஏஓ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) குறியீடுதான் வேண்டும். பயணச் சீட்டில் இருக்கும் மூன்றெழுத்தைப் போட்டால் ஒன்றும் வராது, அல்லது அதே மூன்றெழுத்துள்ள ஏதோ ஒரு விஓஆர் (திசை காட்டும் தரை வானொலி நிலையம்) வரும். இரண்டாவது நடப்பது முதலாவதைவிட மோசம்.

*'அருகில் உள்ளவை' பட்டியலில் மட்டும் இல்லை.* அந்தப் பக்கத்துக்கு ஓடுபாதையின் குறைந்தபட்ச நீளம், தளத்தின் வகை என்று வடிகட்டி உண்டு. சிறிய புல்தரை ஓடுபாதைகள் அதில் மறைந்துவிடும். பெயரை நேராகத் தட்டினால் வரும். செட்டப் பக்கத்தில் வடிகட்டியைத் தளர்த்திவிடுங்கள்.

*டேட்டாபேஸ் பழையது அல்லது வேறு பிராந்தியத்துக்கானது.* வான்வழித் தரவு 28 நாளுக்கு ஒருமுறை, உலகம் முழுக்க ஒரே தேதியில், வியாழக்கிழமையில் மாறும். கருவியை ஆன் செய்ததும் வரும் பக்கத்தில் பிராந்தியத்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். பலர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே என்டர் அழுத்திக் கடந்துவிடுகிறார்கள்.

*கார்டு படிக்கப்படவில்லை.* கருவியை அணைத்துவிட்டு கார்டை எடுத்து, தொடுமுனைகளில் தூசி இருக்கிறதா என்று பார்த்து, திரும்பச் செருகி ஆன் செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியிலிருந்து கார்டை உருவாதீர்கள். வேறொரு நல்ல கார்டு போட்டும் படிக்கவில்லை என்றால் கோளாறு ஸ்லாட்டில் இருக்கிறது. ஏவியானிக்ஸ் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்சில் (கருவிகளை வைத்து ஓடுபாதையை நோக்கி இறங்கும் முறை) வரும் புள்ளி டேட்டாபேஸில் இல்லை என்பதற்காக அதை யூசர் வேபாயிண்டாக நீங்களே உருவாக்கிப் பறக்கக்கூடாது. அப்ரோச் முழுவதும் டேட்டாபேஸிலிருந்தே ஏற வேண்டும். இல்லையென்றால் அந்த அப்ரோச் உங்களுக்கு இல்லை.

அறிகுறி 2: பெயர் வருகிறது, புள்ளி வேறெங்கோ இருக்கிறது

விஓஆர், என்டிபி (எளிய வகை வானொலி வழிகாட்டி நிலையம்) பெயர்கள் உலகில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வருபவை. ஐந்தெழுத்துப் பெயர்கள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி, ஆனாலும் இரட்டைகள் உண்டு. பெயரைத் தட்டியதும் கருவி ஒரு பட்டியல் கொடுத்தால், முதல் வரியை யோசிக்காமல் தேர்வு செய்வதுதான் இங்கே நடக்கும் தவறு.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, போயிங் 757, இப்படித்தான் மலையில் மோதியது. ரோசோ என்ற என்டிபிக்குப் போவதாக நினைத்து ஆர் என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினார்கள். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதோ அதே எழுத்துடைய ரோமியோ என்ற என்டிபியை, பொகோட்டாவுக்கு அருகே. விமானம் இடப்பக்கம் திரும்பியது. இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள்.

செய்ய வேண்டியது:

1. பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் நாடும் வகையும் இருக்கும். இரண்டையும் படித்த பிறகே என்டர்.
2. ஏற்றியதும் லெக்கின் கோர்ஸையும் தூரத்தையும் நாவ்லாக்கோடு ஒப்பிடுங்கள். கோர்ஸில் 2 டிகிரிக்கு மேலோ, தூரத்தில் 1 கடல் மைலுக்கு மேலோ வித்தியாசம் வந்தால் நிறுத்திக் காரணம் தேடுங்கள்.
3. மேப்பை முழுப் பாதையும் தெரியும்வரை விரியுங்கள். வேறு கண்டத்துக்குப் போகும் கோடு கண்ணில் பட்டுவிடும். ஆனால் 5 மைல் பிழை மேப்பில் தெரியாது, எண்ணில்தான் தெரியும். அதனால் மேப் சோதனை எண் சோதனைக்கு மாற்று ஆகாது.

பறக்கும்போது டைரக்ட்-டு (ஒரு புள்ளிக்கு நேராகப் போகும் கட்டளை) கொடுக்கிறீர்களா? என்டரை இரண்டாம் முறை அழுத்துவதற்கு முன்னால் காட்டப்படும் பேரிங் (புள்ளி இருக்கும் திசை) உங்கள் மனதில் உள்ள திசையோடு பொருந்துகிறதா என்று ஒரு கணம் பாருங்கள். காலி விபத்தில் விட்டுப்போனது அந்த ஒரு பார்வைதான்.

அறிகுறி 3: கோஆர்டினேட் போட்டு உருவாக்கிய புள்ளி தள்ளி நிற்கிறது

யூசர் வேபாயிண்டில் வரும் புகார்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான், அதிலும் முதல் காரணத்திலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். தள்ளிய தூரம் எவ்வளவு என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

*தள்ளியது சில நூறு மீட்டர்: விநாடியும் தசம நிமிடமும் கலந்திருக்கிறது.* பெரும்பாலான பேனல் ஜிபிஎஸ்கள் டிகிரியையும், தசமத்தோடு கூடிய நிமிடத்தையும் கேட்கும். வெளியீடுகளில் கிடைப்பதோ டிகிரி, நிமிடம், விநாடி. உதாரணத்துக்கு அட்சரேகை 13 டிகிரி 07 நிமிடம் 45 விநாடி என்று வைத்துக்கொள்வோம். இதை 13 07.45 என்று ஏற்றினால் தவறு. 45-ஐ 60-ஆல் வகுத்தால் 0.75, ஆகவே சரியானது 13 07.75. ஒரு நிமிட அட்சரேகை என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். இங்கே பிழை 0.30 நிமிடம், சுமார் 556 மீட்டர். காட்டுக்குள் இருக்கும் ஓடுபாதையைக் கண்ணால் தேடுகிறவருக்கு இது போதுமான தொல்லை.

நினைவில் வைக்க: 15 விநாடி .25, 30 விநாடி .50, 45 விநாடி .75. ஒவ்வொரு 6 விநாடிக்கும் 0.1 நிமிடம். கருவியின் செட்டப்பில் வடிவத்தை மாற்ற முடிந்தால், மூலத்தில் உள்ள வடிவத்துக்கே மாற்றி ஏற்றுவது நல்லது. முடித்ததும் பழைய வடிவத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள், அடுத்து வருபவர் ஏமாறுவார்.

*தள்ளியது சில மைல்கள்: தசம டிகிரியை நிமிடமாகப் படித்திருக்கிறோம்.* கைப்பேசி மேப்களிலிருந்து எடுத்த எண்கள் தசம டிகிரியில் இருக்கும். மேலே சொன்ன அதே புள்ளி அதில் 13.1292. இதை 13 12.92 என்று ஏற்றினால் பிழை 5 கடல் மைலைத் தாண்டும். சரியான வழி, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்குவது: 0.1292 × 60 = 7.75, ஆகவே 13 07.75. புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் 59-க்கு மேல் இருந்தால் நிமிடமாக இருக்கவே முடியாது, உடனே தெரிந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால்தான் சிக்கல். எண்ணைக் கொடுத்தவரிடம் வடிவத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஊகிக்காதீர்கள்.

*தள்ளியது ஆயிரக்கணக்கான மைல்: தீர்க்கரேகையின் இலக்கம் இடம் மாறியிருக்கிறது.* தீர்க்கரேகைக்கு டிகிரியில் மூன்று இலக்கம் கட்டாயம். 80 என்றால் 080. ஒரு பூஜ்ஜியம் விட்டுப்போனாலோ கூடிவிட்டாலோ பின்னால் வரும் எல்லா இலக்கமும் நகர்ந்துவிடும். 2015 மார்ச்சில் சிட்னியிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய ஏர்ஏசியா எக்ஸ் விமானத்தில், நிறுத்துமிடத்தின் தீர்க்கரேகை 151 டிகிரி 9.8 நிமிடத்துக்குப் பதில் 15 டிகிரி 19.8 நிமிடம் என்று ஏறியது. அங்கே ஏற்றியது வேபாயிண்ட் இல்லை, விமானம் நிற்கும் இடம். தட்டுப்பிழையோ இதே ஜாதி. விமானம் தான் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதாக நினைத்துக்கொண்டது. வழிகாட்டும் கருவிகள் குழம்பி, கடைசியில் மெல்பர்னில் இறங்க வேண்டியதாயிற்று.

*புள்ளி பூமியின் மறுபக்கத்தில்: வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு எழுத்து.* ஏற்றும் புலத்தில் முதல் எழுத்து இது. இலக்கத்தில் கவனம் இருக்கும்போது கண் இதைத் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கோ கிரீன்விச் கோட்டுக்கோ அருகில் பறப்பவர்கள் இரண்டு முறை பாருங்கள், அங்கே இந்தப் பிழை சில மைலாகவே தோன்றும்.

*எண் சரி, வடிவம் சரி, இன்னும் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளுகிறது: டேட்டம்.* டேட்டம் என்பது கோஆர்டினேட்டுகளுக்கு அடிப்படையான பூமி மாதிரி. விமான ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 டேட்டத்தில் இயங்குகிறது. 1998 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்துக்கு அதுதான் தரம். பழைய நில அளவை வரைபடத்தில் வேறு டேட்டம் இருக்கும். வரைபடத்தின் ஓரக் குறிப்பில் அதன் பெயர் அச்சாகியிருக்கும். மாற்றிக் கணக்கிட்டே ஏற்றுங்கள்.

*ரேடியலும் தூரமும் கொடுத்து உருவாக்கிய புள்ளி.* ரேடியல் என்பது நிலையத்திலிருந்து வெளியே போகும் திசை. எதிர்த்திசையைக் கொடுத்தால் புள்ளி நிலையத்தின் மறுபக்கம் விழும். ஒரு டிகிரி பிழை 60 மைல் தூரத்தில் ஒரு மைல் ஆகும், எனவே தொலைவில் இருக்கும் விஓஆரை ஆதாரமாக எடுக்காதீர்கள். தூரத்தின் அலகையும் பாருங்கள்: செட்டப்பில் கிலோமீட்டர் இருந்து நீங்கள் கடல் மைல் எண்ணைக் கொடுத்தால், புள்ளி கிட்டத்தட்டப் பாதி தூரத்தில் நிற்கும்.

இந்த அறிகுறிக்குப் பட்டறை தேவைப்படுவதே இல்லை. ஏற்றி முடித்ததும் ஒருவர் மூலத்திலிருந்து உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பதுதான் மருந்து. தனியாக இருந்தால் திரையிலிருந்து காகிதத்துக்கு என்று தலைகீழாகப் படியுங்கள்.

அறிகுறி 4: பாதை முன்னும் பின்னுமாக வளைகிறது

*புள்ளி தப்பான வரிசையில் நுழைந்தது.* ஜிஎன்எஸ் வகையில் கர்சர் எந்த வரியில் நிற்கிறதோ அதற்கு மேலே புதிய புள்ளி நுழையும். 'கீழே சேரும்' என்று நினைத்தால் ஒரு லெக் பின்னோக்கி ஓடும். தொடுதிரைகளில் முன்னால் சேர்ப்பதா பின்னால் சேர்ப்பதா என்று தேர்வு கிடைக்கும்.

*அப்ரோச் ஏற்றிய பிறகு மட்டும் வளைகிறது.* சில கருவிகளில் சேருமிட விமான நிலையம் பட்டியலில் அப்படியே இருக்க, அதற்குக் கீழே அப்ரோச்சின் புள்ளிகள் சேரும். கருவி முதலில் நிலையத்துக்கு மேலே போய், அங்கிருந்து அப்ரோச்சின் தொடக்கத்துக்குத் திரும்பும். தொடக்கப் புள்ளிக்கு டைரக்ட்-டு கொடுங்கள், அல்லது அந்த லெக்கை ஆக்டிவேட் செய்யுங்கள். வழிப்பாதையின் கடைசிப் புள்ளியும் அப்ரோச்சின் முதல் புள்ளியும் ஒன்றேயானால் இரட்டையாக நிற்கும், ஒன்றை நீக்குங்கள்.

*ஏர்வே (வரையறுத்த வான்வழி) வழியாகப் போக வேண்டியது நேர்கோடாகப் போகிறது.* நுழையும் புள்ளியையும் வெளியேறும் புள்ளியையும் மட்டும் ஏற்றினால் கருவி நடுவில் நேர்கோடு இழுக்கும். ஏர்வே ஏற்றும் வசதி இல்லாத பழைய கருவியில் ஒவ்வொரு திருப்பப் புள்ளியையும் கையால் போட வேண்டும்.

அறிகுறி 5: வேபாயிண்டைக் கடந்தும் அடுத்த லெக்குக்கு மாறவில்லை

ஓபிஎஸ் பட்டனுக்கு (அடுத்த புள்ளிக்குத் தானாக நகர்வதை நிறுத்தும் பட்டன்) மேலே சஸ்பெண்ட் என்று எரிகிறதா? எரிந்தால் தானாக நகர்வது நிறுத்தப்பட்டிருக்கிறது. யாரோ தெரியாமல் பட்டனைத் தொட்டிருந்தால் இன்னொரு முறை அழுத்த விடுபடும். ஹோல்டிங்கிலும் (ஒரே இடத்தைச் சுற்றிக் காத்திருப்பது) மிஸ்டு அப்ரோச் புள்ளியிலும் (இறங்க முடியாமல் மீண்டும் ஏறத் தொடங்கும் இடம்) கருவியே சஸ்பெண்டுக்குப் போகும், அது கோளாறு இல்லை. அங்கே பட்டனை அழுத்தினால் மிஸ்டு அப்ரோச் லெக்குகள் தொடங்கும். முதலில் ஏறுங்கள், விமானம் நிலைத்த பிறகு பட்டன்.

சஸ்பெண்ட் இல்லையென்றால் நீங்கள் போய்க்கொண்டிருப்பது பிளானில் இல்லாத புள்ளிக்கான டைரக்ட்-டு ஆக இருக்கலாம். அதற்கு 'அடுத்தது' கிடையாது. ஜிஎன்எஸ்ஸில் டைரக்ட்-டு பட்டன், மெனு, டைரக்ட்-டுவை ரத்து செய்யும் வரி, என்டர். பிறகு பிளான் பக்கத்தில் வேண்டிய லெக்கில் கர்சரை வைத்து ஆக்டிவேட் செய்யுங்கள். திரும்பவும் டைரக்ட்-டு கொடுத்தால் இப்போதிருக்கும் இடத்திலிருந்து புதுக் கோடு வரும், பழைய கோட்டில் சேர மாட்டீர்கள்.

மழை மேகத்தைச் சுற்றி வெகுதூரம் விலகிப் போனாலும் புள்ளியைக் கடந்ததாகக் கருவி கணக்கில் எடுக்காமல் போகலாம். அதற்கும் லெக்கைக் கையால் ஆக்டிவேட் செய்வதுதான் வழி.

அறிகுறி 6: பிளான் சரி, ஊசியோ ஆட்டோபைலட்டோ அதைப் பின்பற்றவில்லை

சிடிஐ (பாதையிலிருந்து விலகலைக் காட்டும் ஊசி) பட்டனை முதலில் பாருங்கள். விலாக் என்று எரிந்தால் ஊசி ரேடியோவைக் கேட்கிறது, ஜிபிஎஸ்ஸை இல்லை. அடுத்து, ஆட்டோபைலட் ஹெடிங் (கொடுத்த திசையை மட்டும் பிடிக்கும்) முறையில் நிற்கிறதா? மூன்றாவது, கையால் திருப்பும் எச்எஸ்ஐ (திசையையும் ஊசியையும் சேர்த்துக் காட்டும் கருவி) இருந்தால் ஒவ்வொரு லெக்குக்கும் கோர்ஸ் அம்பைக் கருவி காட்டும் கோர்ஸுக்குத் திருப்ப வேண்டும்.

ஊசி திடீரென்று அதிகமாக விலகுகிறது, விமானமோ கோட்டை விட்டு நகரவில்லை என்றால் அளவுகோல் மாறியிருக்கிறது. முழு விலகல் வழிப்பாதையில் பழைய கருவிகளில் 5 கடல் மைல், வாஸ் (ஜிபிஎஸ் துல்லியத்தைக் கூட்டும் செயற்கைக்கோள் வசதி) கருவிகளில் 2. சேருமிடத்துக்கு 30 மைலுக்குள் அது 1 ஆகும், அப்ரோச்சில் 0.3.

இவை எல்லாம் சரியென்றால் கருவியின் திரைக்குள்ளே இருக்கும் சிறிய சிடிஐயைப் பேனலில் உள்ள ஊசியோடு ஒப்பிடுங்கள். உள்ளே நடுவிலும் வெளியே விலகியும் இருந்தால் கோளாறு இண்டிகேட்டரிலோ வயரிங்கிலோ இருக்கிறது. அதை ஏவியானிக்ஸ் டெக்னீஷியன்தான் பார்க்க வேண்டும், அதுவரை அந்த ஊசியை நம்பி இன்ஸ்ட்ருமென்ட் விதிகளில் பறக்காதீர்கள்.

அறிகுறி 7: சேமித்த பிளான் பூட்டிக்கொண்டது, மாறிவிட்டது, காணோம்

டேட்டாபேஸ் புதுப்பித்த மறுநாள் பிளான் பூட்டியிருந்தால், அதிலுள்ள ஏதோ ஒரு புள்ளி நீக்கப்பட்டிருக்கிறது அல்லது பெயர் மாறியிருக்கிறது. அந்த வரியைக் கண்டுபிடித்து மாற்றினால் திறக்கும். 'புள்ளி நகர்ந்தது' என்ற செய்தி வந்தால் பூட்டு இருக்காது, ஆனால் கோர்ஸும் தூரமும் மாறியிருக்கும். நாவ்லாக்கைத் திருத்துங்கள்.

நேற்று போட்ட பிளான் காணவில்லையா? ஜிஎன்எஸ்ஸில் 00 எண் பிளான்தான் நடப்பில் இருப்பது. இன்னொன்றை ஆக்டிவேட் செய்தால் அது அழிந்து இது உட்காரும். வேண்டியதை முதலில் காலி எண்ணுக்கு நகலெடுங்கள். ஒரு பிளானில் 31 புள்ளிகள்தான், யூசர் வேபாயிண்ட் மொத்தம் 1000. பிளானில் பயன்பாட்டில் உள்ள யூசர் புள்ளியை அழிக்கக் கருவி மறுக்கும், முதலில் பிளானிலிருந்து எடுங்கள்.

சேமித்த எல்லாமே ஒரே நாளில் போய்விட்டால் உள் நினைவகத்தின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. இது பட்டறை வேலை. அதுவரை யூசர் புள்ளிகளைக் காகிதத்தில் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் ஏற்றிச் சரிபாருங்கள்.

அறிகுறி 8: டேப்லெட்டிலிருந்தோ இரண்டாவது கருவியிலிருந்தோ வந்த பிளான் பொருந்தவில்லை

இரண்டிலும் ஒரே தேதி டேட்டாபேஸ் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. அடுத்தது, ஒரே பெயரில் வேறு கோஆர்டினேட்டோடு யூசர் புள்ளி இரண்டு பக்கமும் இருப்பது. நீளமான பெயர்கள் வெட்டப்பட்டும் வரலாம். வயர்லெஸ்ஸில் வந்த பிளானையும் கையால் தட்டியதைப் போலவே லெக் லெக்காகச் சரிபார்க்க வேண்டும்.

அறிகுறி 9: நாப் எழுத்துகளைத் தாண்டுகிறது

யூசர் வேபாயிண்டின் பெயர்ப் புலத்தில் நின்று ஒவ்வொரு கிளிக்காக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கிளிக்குக்கு ஓரெழுத்து. இரண்டு தாண்டினாலோ பின்னால் போனாலோ முதலில் நாப் தண்டின் மேல் வழுக்குகிறதா என்று பாருங்கள். இறுக்கமாகத்தான் இருக்கிறது என்றால் என்கோடர் (நாப் திரும்புவதை உணரும் பாகம்) தேய்ந்திருக்கிறது. கிளீனர் ஸ்ப்ரேயை இடுக்கில் அடிக்காதீர்கள், திரைக்குள் போய்விடும். என்கோடர் மாற்றுவது பட்டறைக்கு. அதுவரை, என்டருக்கு முன் ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அறிகுறி 10: நிலை (விமானம் இருக்கும் இடம்) கிடைக்கவில்லை, அல்லது தாவுகிறது

ஹேங்கரிலிருந்து வெளியே எடுங்கள். மாதக்கணக்கில் அணைந்திருந்த கருவி செயற்கைக்கோள் பட்டியலை வானிலிருந்து திரும்பப் பெற 12.5 நிமிடம் ஆகும், திறந்த வெளியில் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள்.

தேதி பல வருடம் பின்னால் காட்டினால் அது வாரக் கணக்கு. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது. பழைய கருவி தப்பான தேதியைக் கொண்டு டேட்டாபேஸின் காலாவதியையும் தப்பாகவே கணக்கிடும். மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று டீலரிடம் கேளுங்கள்.

அடுத்து குறுக்கீடு. யுஎஸ்பி சார்ஜர், கேமரா, கைப்பேசி ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்து சிக்னல் பட்டைகளைப் பாருங்கள். பிறகு விமானத்தின் சொந்த ரேடியோ. 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 மெகாஹெர்ட்ஸில் பேசும்போது, அவற்றின் 13-ஆவது, 12-ஆவது ஹார்மோனிக்குகள் (மடங்கு அலைவரிசைகள்) ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அருகே விழுகின்றன. தரையில், அலைவரிசையில் வேறு யாரும் இல்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் மைக்கை அழுத்திப் பட்டைகளைக் கவனியுங்கள். இரண்டு ரேடியோவிலும் செய்யுங்கள். விழுந்தால் ரேடியோ, அதன் ஆன்டெனா கேபிள், ஈஎல்டி (அவசர இடங்காட்டி) ஆன்டெனா என்று தேட வேண்டியிருக்கும், ஃபில்டர் பொருத்தவும் நேரலாம். செலவு கூடிய வேலை இது. எந்த அலைவரிசையில், எந்த ரேடியோவில், எத்தனை பட்டை விழுந்தது என்று எழுதிக் கொடுத்தால் டெக்னீஷியனுக்குப் பாதித் தேடல் மிச்சம்.

பறக்கும்போது நிலை திடீரென்று தாவி, கடிகாரமும் மாறி, அக்கம்பக்கத்து விமானங்களும் அதையே சொன்னால் கோளாறு உங்கள் விமானத்தில் இல்லை, வெளியிலிருந்து வரும் குறுக்கீடு. விஓஆருக்கும் டிஎம்இக்கும் (தூரம் காட்டும் தரை நிலையம்) மாறி, ஏடிசியிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) இடத்தையும் நேரத்தையும் உயரத்தையும் சொல்லுங்கள். தரையிறங்கிக் கருவியை அணைத்து ஆன் செய்த பிறகு, தேதி, நேரம், பிளான் மூன்றையும் புதிதாகச் சரிபார்த்துவிட்டே அடுத்த முறை கிளம்புங்கள்.